இன்னொரு விரல் வைங்க

வியாசர்பாடி இ-சேவை மையம்.
மணி எட்டு ஆகவில்லை, அதற்குள் பதினேழு பேர்.
ஒரே ஒரு மின்விசிறி.
அதற்கு நேர்கீழே யார் உட்காருவது என்று
பஸ் சீட்டுக்கு நடப்பதுபோல் ஒரு சண்டை.
வெளியே நவம்பர் மழை, கணுக்கால் வரை சேறு.

வருடத்துக்கு ஒருமுறை வந்து
நாங்கள் சாகவில்லை என்று
சொல்லிவிட்டுப் போக வேண்டும்.
வாயால் சொன்னால் செல்லாது.
விரல் சொல்ல வேண்டும்.

எத்திராஜுலுவின் விரல் சொல்லவில்லை.
பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில்
முப்பத்தாறு வருடம் தகடு தேய்த்த கை.
கட்டைவிரல் வைத்தார். சிவப்பு விளக்கு.
ஆள்காட்டி. சிவப்பு.
"இன்னொரு விரல் வைங்க சார்."
"பாத்து செலவு பண்ணுப்பா,
மொத்தமே ஒம்பதுதான்" என்றார்.
பத்தாவது எந்த ரயிலில்
எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறதோ.

ஜைனுலாபுதீனைக் கண்ணை வைக்கச் சொன்னார்கள்.
கண்ணில் போன மாதம் மாற்றிய லென்ஸ்.
துறைமுகத்தில் கிரேன் உச்சியில் உட்கார்ந்து
கப்பலின் வயிற்றுக்குள் குனிந்தே பார்த்த கண்.
உரம் இறக்கினேன், கோதுமை இறக்கினேன்,
ஒரு தடவை ஒட்டகச்சிவிங்கி இறக்கினேன் என்றார்.
கோதுமை வரைக்கும் நம்பினோம்.
மெஷின் எதையுமே நம்பவில்லை.

என் முறை.
அமலோற்பவம், எழுபத்திரண்டு,
மாநகராட்சி நர்ஸ், ஓய்வு.
ஸ்பிரிட்டிலும் டெட்டாலிலும் கழுவிக் கழுவி
ரேகை கரைந்த விரல்.
ஐஸ் பெட்டி தோளில் தொங்க
கல்யாணபுரம், சத்தியமூர்த்தி நகர்,
பக்கிங்காம் கால்வாய் ஓரத்துக் குடிசைகள்.
திறக்காத கதவுக்கு வெளியே நின்று
"ரெண்டே சொட்டும்மா, கசக்காது" என்று
பொய் சொல்லியிருக்கிறேன்.
விழுங்கிய பிள்ளைக்கு
இடக்கைச் சுண்டுவிரல் நகத்தில் மை.
எத்தனை நகம் என்று எண்ணியதில்லை.

மெஷின் வைத்திருக்கும் பையனுக்கு
இருபத்தைந்து இருக்கும்.
அவன் சுண்டுவிரலை ஒருமுறை பார்த்தேன்.
கேட்டால் அவனுக்கு மட்டும் என்ன தெரியும்.
"சர்வர் போச்சு, கொஞ்சம் இருங்க" என்று எழுந்து
தண்ணீர் பிடிக்கப் போனான்.
இரண்டு காலும் ஒழுங்காய்த் தரையில் பட.

வரிசைக் கடைசியில் தனகோட்டி.
அவளுக்குப் பென்ஷன் கிடையாது,
முதியோர் உதவித்தொகைதான். அதுவும்
மூன்று மாதமாய் வரவில்லை.
பையன் திரும்பி வந்து தட்டிப் பார்த்தான்.
பட்டியலில் அவள் இறந்திருந்தாள்.
தேதிகூடப் போட்டிருந்தது.

"என்னா வேலம்மா பாத்தே? எதுனா கார்டு இருக்கா?"
"கத்திப்பாரா பாலத்துக்குக் கல்வை தூக்கினேன்."
"அதுக்கு ஆதாரம்?"
"பாலம் நிக்குதில்ல?
போய்ப் பாத்துட்டு வா, நான் இங்கியே கீறேன்."

அவன் சிரிக்கவில்லை, பாவம்.
அதற்கு ஒரு கட்டம் அந்தத் திரையில் இல்லை.

மனு நான் எழுதினேன்.
மேற்படி தனகோட்டி
எங்கள் முன்னிலையில் உயிருடன் இருக்கிறார்,
சற்றுமுன் எங்களோடு
மின்விசிறிக்காகச் சண்டையும் போட்டார்.
பிந்தைய வரியை ஜைனுலாபுதீன் அடிக்கச் சொன்னார்.
அடிக்கவில்லை.
பதினாறு பேர் சாட்சிக் கையெழுத்து.
எத்திராஜுலு கையெழுத்துக்குப் பக்கத்தில்
கைநாட்டும் வைத்தார்,
காகிதத்திலாவது விழுகிறதா பார்ப்போம் என்று.
விழுந்தது, மங்கலாக.
தங்கள் உயிரையே
இன்னும் நிரூபிக்காத பதினாறு பேர்.

பதினொன்றரைக்கு சர்வர் வந்தது.
மனுவுக்கு ஒப்புகை எண் கொடுத்தார்கள்,
மூச்சு வாங்கும் நீளத்துக்கு.
"இத்த நான் எங்க வெச்சுக்க?" என்று
தனகோட்டி உள்ளங்கையை நீட்டினாள்.
காய்ப்புக் காய்ச்சிய இடங்களைச் சுற்றி வளைத்து
எண்ணை எழுதி முடித்தேன்.

பழைய பழக்கம்.
சுண்டுவிரல் நகத்திலும்
ஒரு புள்ளி வைத்துவிட்டேன்.